ஐவரியார் விழுங்கிய முட்டைகள்

தென்கடலில் ஒரு பவளப்பாறை. அதில் வரிமீன்கள் கூட்டம் கூட்டமாகக் குடியிருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மஞ்சள் முதுகு, வெள்ளி வயிறு, விலாவில் ஐந்து கறுப்பு வரி. அந்த ஐந்து வரிக்கு அவை அடித்துக்கொண்ட பெருமை இருக்கிறதே, அப்பப்பா! கேட்டுக் கேட்டுப் பக்கத்து நண்டுகளுக்கெல்லாம் காது புளித்துப்போனது.

வரிமீன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடுவதோடு தாய்க்கு வேலை முடிந்தது. காவல் அப்பன் பாடு. பாறையைச் சுத்தமாகத் துடைத்து, முட்டைகள் ஒட்டிக்கொள்ள இடம் பண்ணி, குஞ்சு வெளியே வரும்வரை செட்டையால் விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். விசிறினால்தான் முட்டைக்கு மூச்சு. நடுவில் ஒரு முட்டை அழுகினால் பக்கத்து முட்டையும் கெடும். அதனால் அழுகினதை அப்பனே வாயில் போட்டு விழுங்கிவிடுவான். இதில் தப்பொன்றும் இல்லை.

தப்பு வந்தது வேறு இடத்தில். நல்ல முட்டை நாவல்பழ நிறத்தில் இருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு கூட்டில் சில முட்டைகள் மட்டும் கஞ்சித்தண்ணி நிறத்தில் வெளிறிக் கிடந்தன. குளிர்ந்த தண்ணீரில் அந்த முட்டைகள் பொரிக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கூட்டுக்காரனுக்குப் பொறுமை ஏது? 'மற்றதெல்லாம் பொரித்துப் போயாச்சு, இது இன்னும் கிடக்குதே! அழுகல்தான்!' என்று விழுங்கித் தொலைத்தான். அன்றிலிருந்து வெளிறின முட்டை என்றாலே அழுகல் என்று ஆகிப்போனது. ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் வம்பு வருமே!

இந்த வழக்கத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவர் ஐவரியார். அவர் விலாவில் ஐந்து வரியும் அச்சுப் பிசகாமல் இருக்கும். அதனாலேயே ஊர் கூடி அவரை 'நிறம் பார்க்கிறவர்' ஆக்கி வைத்திருந்தது. முட்டைக் காலம் வந்தால் போதும், கூடு கூடாகப் போய் நிற்பார். தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார்.

"இது ஆகாது!" என்பார். லபக்கென்று விழுங்குவார். "இதுவும் ஆகாது!" இன்னொரு லபக்.

கூட்டுக்காரன் செட்டையை ஒடுக்கிக்கொண்டு நிற்பான். தன் பிள்ளைதான் போகிறது என்று தெரியும். ஆனால் ஊருக்கு முன்னால் வாயைத் திறந்து என்னவென்று சொல்வது? "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டுவான்.

இப்படி ஊர்க் கூட்டையெல்லாம் பார்த்தவருக்குச் சொந்தமாக ஒரு கூடு இல்லை. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வந்த பெண்களையெல்லாம் நாலு வரி என்றும் கோணல் வரி என்றும் குற்றம் சொல்லித் திருப்பி அனுப்பியே வயது போய்விட்டது. இந்த வருஷம்தான் முத்துநங்கை வந்தாள். ஐந்து வரியும் சுத்தம். ஐவரியாருக்கு வாயெல்லாம் பல்.

பாறையைத் துடைத்தார், துடைத்தார், அப்படித் துடைத்தார். முத்துநங்கை முட்டையிட்டாள். நாவல்பழ நிறத்தில் கூடு முழுக்க மினுமினுத்தது. ஐவரியார் விசிறிக்கொண்டே அழுதார்.

"என் பிள்ளைங்க! என்னைப் பெத்த ராசாக்களா! இனி எனக்கென்ன குறை?" என்று உருகினார்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் கூட்டில் விழுந்தது. ஐவரியார் பார்த்தார். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டின் ஓரத்தில், நேற்று நிழலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொத்து முட்டை, கஞ்சித்தண்ணி நிறத்தில் வெளிறிக் கிடந்தது!

"முத்துநங்கை! ஏ முத்துநங்கை! இங்க வா! இது என்ன அநியாயம்?"

அவள் வந்து பார்த்தாள். பதறவில்லை. "எங்க ஆச்சி சாடைங்க. எங்க ஆச்சி கரைத்தண்ணிக்காரி. அங்கிருந்து இந்தப் பாறைக்கு வாழ வந்தவ. அவ இட்டதும் இப்படித்தான் இருக்குமாம்" என்றாள்.

ஐவரியாருக்கு மூச்சே நின்றுவிட்டது. கரைத்தண்ணி என்பது கரையோரம் முழங்கால் ஆழத்தில் கிடக்கும் தண்ணீர். உச்சிவெயிலில் சுடச்சுடக் காயும். அங்கேயும் வரிமீன்கள் இருந்தன. பாறைக்காரர்கள் அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வரி ஒழுங்கில்லாத கூட்டம் என்று ஏளனம்.

"கரைத்தண்ணிக்காரியா! இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்க என் வரியைத்தானே பார்த்தீங்க? ஆச்சியைப் பத்தி எங்க கேட்டீங்க?"

அந்த நேரம் பார்த்து அலைவாயன் வந்து சேர்ந்தது. அது ஒரு ஆமை. ஊர் ஊராகச் சுற்றும், போகிற இடத்துச் சேதியெல்லாம் கொண்டுவந்து கொட்டும். வழக்கமாக வந்தவுடன் சாப்பாடு எங்கே என்றுதான் கேட்கும். இன்றைக்குக் கண்ணெல்லாம் மிரண்டு போயிருந்தது.

"ஐயோ, கேட்டீங்களா கொடுமையை! தெக்கே தண்ணி காயுதப்பா, காயுது! பவளமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. கூட்டுல முட்டை ஒண்ணு மிஞ்சலை. அந்தச் சூடு இங்கேதான் வந்துக்கிட்டிருக்கு!"

"போய்யா! கடலு என்ன அடுப்பா, காயுறதுக்கு?" என்றார் ஐவரியார். அவருக்கு இருந்த எரிச்சலில் ஆமையின் பேச்சு காதிலேயே ஏறவில்லை.

"நம்பாட்டி போங்க! வர்ற வழியில கரைத்தண்ணியையும் பார்த்தேன். இதைவிடச் சூடு. அங்க இருக்கிற மீனுங்க பாட்டுக்கு விளையாடிக்கிட்டு இருக்கு. தலைமுறை தலைமுறையா அந்தச் சூட்டுலயே பொறந்து, தாங்கினது மட்டும் மிஞ்சி, மிஞ்சினது பெத்த பிள்ளைங்க. அதுங்களுக்கு ரத்தத்துலயே ஊறிப்போச்சு. உங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஆமை வடக்கே பார்த்து ஓட்டமெடுத்தது.

முத்துநங்கை கூட்டின் ஓரத்துக்குப் போனாள். அந்த வெளிறின கொத்தைப் பார்த்தாள். "கேட்டீங்களா? எங்க ஆச்சி சூட்டுலயே பொறந்து வளர்ந்தவ. அந்தத் தெம்பு இதுங்களுக்கு வந்திருக்கும். ஒருவேளை ஆமை சொன்னது நெசமானா…"

"சத்தம் போடாதே! ஊரு வருது!"

ஆமாம், ஊர் வந்தது. நிறம் பார்க்கிறவர் வீட்டு முட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பெரிய வரி, சின்ன வரி எல்லாம் வந்து சுற்றி நின்றன. ஐவரியார் உடம்பை வளைத்து அந்த ஓரத்தை மறைத்தார். மறைத்தால் தெரியாமல் போகுமா?

"என்ன ஐவரியாரே, ஓரத்துல என்னமோ வெளுப்பாத் தெரியுதே?" என்றது ஒரு கிழட்டு வரிமீன். போன வருஷம் அதன் கூட்டில் பாதியை ஐவரியார் காலி பண்ணியிருந்தார். அது சும்மா விடுமா? "எங்க வீட்டுல இருந்தா அழுகல், உங்க வீட்டுல இருந்தா மாணிக்கமோ?"

ஊர் முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

ஐவரியாருக்கு மானம் போய்விட்டது. முத்துநங்கை அவர் காதோடு கெஞ்சினாள். "வேண்டாங்க! அதுவும் உங்க பிள்ளைதாங்க! நீங்கதானே ராத்திரி பூரா விசிறினீங்க? அசையுது பாருங்க, உசிரு இருக்குங்க!"

அவரும் பார்த்தார். அசையத்தான் செய்தது. அவர் நெஞ்சு ஒரு கணம் இளகியது. பிறகு ஊரைப் பார்த்தார். கிழட்டு மீனின் இளிப்பைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

லபக். லபக். லபக்.

ஒன்றுகூட விடவில்லை. "எனக்கு ஊரும் ஒண்ணுதான், வீடும் ஒண்ணுதான்!" என்றார். ஊர் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சிரித்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு நின்றுபோனது. பெற்ற பிள்ளையையா! இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா!

முத்துநங்கை கத்தவில்லை, அழவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

ஐவரியாரும் அதோடு நிற்கவில்லை. செய்த பாவத்துக்கு ஒரு நியாயம் வேண்டுமே! அன்றைக்கே மிச்சமிருந்த கூடுகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றினார். முன்னைவிடக் கடுமையாகப் பார்த்தார். லேசாக நிறம் மங்கியிருந்தால்கூடத் தப்பவில்லை. கடைசியாக அசமந்தனின் கூட்டுக்கு வந்தார்.

அசமந்தன் என்பது ஊர் வைத்த பெயர். ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்ய மாட்டான். மற்ற மீன்கள் பாறையைத் துடைக்கும்போது, இவன் என்றைக்கோ எவனோ படகிலிருந்து தூக்கி எறிந்த உடைந்த பானைக்குள் புகுந்துகொண்டான். எவள் வந்து முட்டையிட்டாலும் "இடு தாயி, இடம் கிடக்கு" என்று சொல்லிவிடுவான். பாறைக்காரியும் இட்டிருந்தாள், கரைத்தண்ணியிலிருந்து வந்த ஒருத்தியும் இட்டிருந்தாள். நாவல்பழமும் கஞ்சித்தண்ணியும் கலந்து கிடந்தன. அவன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி விசிறிக்கொண்டிருந்தான்.

பானை வாயில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார் ஐவரியார். முத்துநங்கை!

"வழியை விடு" என்றார்.

"விட மாட்டேன். உள்ள போகணும்னா என்னையும் சேர்த்து முழுங்கிட்டுப் போங்க!"

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி!" என்று உள்ளேயிருந்து அசமந்தன் குரல் கொடுத்தான். "மதினி அவங்களா வந்து நின்னுட்டாங்க. நான் விசிறிக்கிட்டு இருக்கேன், என்னால வெளிய வந்து பேச முடியாது!"

ஊர் வேடிக்கை பார்த்தது. பெண்டாட்டியோடு நடுத்தெருவில் மல்லுக்கு நிற்க ஐவரியாருக்குக் கூச்சம். "நாளைக்கு வர்றேன். நாளைக்கு ஒரு முட்டை மிஞ்சாது!" என்று உறுமிவிட்டுத் தன் கூட்டுக்குப் போனார்.

அந்த நாளைக்குத்தான் சூடு வந்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மத்தியானத்துக்குள் செவுளில் எரிச்சல் எடுத்தது. அதற்குப் பிறகு ஆறவே இல்லை. விடிந்தாலும் சூடு, பொழுது சாய்ந்தாலும் சூடு. பச்சையும் பழுப்புமாக இருந்த பவளம் ஒவ்வொரு கிளையாக வெளுத்தது. ஐயையோ! ஒரு பாறை முழுக்க எலும்பாக நிற்பதை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். வரிமீன்கள் பிறந்ததிலிருந்து பார்த்த வீடு அது. எங்கே ஒளிவது, எங்கே மேய்வது என்று தெரியாமல் மிரண்டு மிரண்டு ஓடின.

ஐவரியார் ஓடவில்லை. கூட்டிலேயே நின்று விசிறினார். சூட்டுத் தண்ணீரில் மூச்சு கம்மி, ஆகவே இரண்டு மடங்கு விசிற வேண்டும். விசிறினார். செட்டை ஓரமெல்லாம் கிழிந்தது. இரை எடுக்கவில்லை.

"பொறுத்துக்கோங்க ராசா, பொறுத்துக்கோங்க. அப்பன் இருக்கேன். எல்லாம் நல்ல நிறம், எல்லாம் நல்ல சாதி முட்டை. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு முட்டை செத்துச் சுண்ணாம்பாக வெளுத்தது. பிறகு அதன் பக்கத்து முட்டை. ஐவரியார் வேகமாக விசிறினார். நடுவில் ஒரு வரிசை முழுக்க வெளுத்தது. அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு முட்டையை மூக்கால் மெல்லத் தொட்டார். அது பொடிந்து தண்ணீரோடு போயிற்று. அத்தனை முட்டையும் ஒரே மாதிரி இருந்தன, ஒரே மாதிரி செத்தன. சூட்டைத் தாங்கும் தெம்பு ஒன்றிடம் இல்லையென்றால் எதனிடமும் இல்லை.

"ஐயோ! என் பிள்ளைங்க!" என்று அவர் அலறிய அலறலில் நண்டுகள் வளைக்குள் ஓடின.

அவர் கிழட்டு மீனின் கூட்டுக்கு ஓடினார். அங்கேயும் வெளுப்பு. அடுத்த கூடு, அதற்கடுத்த கூடு, எல்லாம் வெளுப்பு. அப்பன்மார் எல்லாரும் செத்த முட்டைகளுக்கு முன்னால் நின்று விசிறிக்கொண்டிருந்தார்கள். நிறுத்த மனசு வரவில்லை.

கிழட்டு மீன் அவரைத் திட்டும் என்று எதிர்பார்த்தார். அது திட்டவில்லை. "நீரு தின்னீரு. நாங்க பார்த்துக்கிட்டு நின்னோம். உம்ம வீட்டு முட்டையைத் தின்ன நான்தான் ஏத்திவிட்டேன்" என்றது. அதன் குரல் உடைந்து போயிருந்தது.

அப்போது பானைப் பக்கமிருந்து ஒரு சத்தம். "யாராவது வாங்களேன்! செட்டை ஓஞ்சு போச்சு! யாராவது வந்து விசிறுங்களேன்!" என்று அசமந்தன் கத்தினான்.

எல்லா மீன்களும் ஓடின. ஐவரியாரும் ஓடினார். பானைக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே சிலையாக நின்றுவிட்டார்.

பானையின் உள்பக்கத்தில் பாறைக்காரி இட்டதெல்லாம் செத்து வெளுத்துக் கிடந்தது. அதற்கு நடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கஞ்சித்தண்ணி நிறத்து முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புக் கண். அந்தக் கண்கள் அசைந்தன. சூடு அவற்றை ஒன்றும் செய்யவில்லை. சொல்லப்போனால், குளிரில் மெதுவாக வளர்கிற அந்த முட்டைகள் இப்போது கிடுகிடுவென்று வளர்ந்திருந்தன.

உயிரோடு இருக்கின்றன! இந்த நிறம்தான்! இதே நிறம்தான்!

 ஐவரியாருக்குத் தன் கூட்டு ஓரத்தில் அசைந்த அந்தக் கொத்து நினைவுக்கு வந்தது. சூடு கொல்லவில்லை அதை. ஆமை சொன்னது, பெற்றவள் கெஞ்சினாள், கண்ணாலேயே பார்த்தார், தெரிந்தே விழுங்கினார். இருந்திருந்தால் இந்நேரம் அவருக்கும் பிள்ளை இருக்கும்!

"நான் தின்னுட்டேனே! பாவி, பிழைக்கிற பிள்ளையைத் தின்னுட்டு, சாகிற பிள்ளைக்கு விசிறிக்கிட்டு இருந்தேனே!" என்று தலையைப் பானையில் முட்டிக்கொண்டார்.

அசமந்தன் ஒருபக்கம் சாய்ந்துவிட்டான். அவனுக்கு மூச்சு இழுத்தது. விசிற ஆள் இல்லாவிட்டால் இந்த முட்டைகளும் இன்னும் சற்று நேரத்தில் மூச்சடைத்துப் போகும். சூட்டைத் தாங்கினாலும் மூச்சு வேண்டுமே! மற்ற மீன்களுக்குத் தெம்பே இல்லை. பானைக்குள் நுழைய ஐவரியார் முன்னால் வந்தார்.

முத்துநங்கை குறுக்கே பாய்ந்தாள். "நில்லுங்க!"

"நான் விசிறுறேன் முத்துநங்கை. என்னை நம்பு. விசிற மட்டும்தான் வர்றேன்."

"உங்களை எப்படி நம்புறது? அன்னைக்கும் ராத்திரி பூரா விசிறிட்டுத்தானே காலையில தின்னீங்க?"

ஐவரியார் கிழிந்த செட்டையை ஒடுக்கிக்கொண்டார். 

"விடுங்க மதினி… அண்ணாச்சி வரட்டும்… என்னால முடியலை" என்று அசமந்தன் முனகினான்.

முத்துநங்கை முட்டைகளைப் பார்த்தாள். பிறகு ஐவரியாரைப் பார்த்தாள். "வாயை மூடிக்கிட்டு வரணும். கடைசிக் குஞ்சு வெளிய போற வரைக்கும் திறக்கக் கூடாது" என்றாள்.

ஐவரியார் வாயை இறுக்கி மூடினார். உள்ளே போனார். கிழிந்த செட்டையால் விசிறத் தொடங்கினார்.

எவ்வளவு நேரம் விசிறினாரோ, அவருக்கே தெரியாது. பசி எடுத்தது, திறக்கவில்லை. மூச்சு முட்டியது, அப்போதும் திறக்கவில்லை. பானைக்கு வெளியே ஊர் முழுக்கக் காத்துக் கிடந்தது. செத்த கூடுகளை விட்டுவிட்டு, ஒரு காலத்தில் அழுகல் என்று சொன்ன அந்தக் கொஞ்சம் முட்டைகளையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்தப் பாறையில் வரிமீன் என்று ஒரு கூட்டம் இனி இருக்குமா இல்லையா என்பது அந்தப் பானைக்குள்தான் இருந்தது.

பட்டென்று ஒரு முட்டை வெடித்தது. கண்ணும் வாலுமாக ஒரு குஞ்சு வெளியே வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றுக்குக்கூட ஐவரியாரின் சாடை இல்லை. எப்படி இருக்கும்? அவருடையது ஒன்றுமே இல்லையே அங்கே! பானைக்கு வெளியே கிழட்டு மீன் "பொரிச்சிருச்சு! பொரிச்சிருச்சு!" என்று பைத்தியம் மாதிரி வட்டமடித்தது. முத்துநங்கை அப்போதுதான் அழுதாள்.

குஞ்சுகள் ஐவரியாரின் முகத்துக்கு நேராக நீந்திப் போயின. அவர் கண் அவற்றோடேயே போயிற்று. கடைசியாக ஒரு குஞ்சு. பிறந்த கணத்திலேயே படு வாயாடி. மற்றவற்றைப் போலப் போகாமல் அவருடைய மூடின வாய்க்கு முன்னால் நின்றது. தலையைச் சாய்த்து அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"பெரியப்பா! எல்லாரும் சிரிக்கிறாங்க, பேசுறாங்க. நீங்க மட்டும் ஏன் வாயை இறுக்கி மூடிக்கிட்டு இருக்கீங்க?"

ஐவரியார் அந்தக் குஞ்சையே பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. விசிறுவதையும் நிறுத்தவில்லை, பானைக்குள் விசிறுவதற்கு ஒரு முட்டைகூட மிச்சமில்லை என்று தெரிந்தும்.

தன் சாடை இல்லையென்று ஒரு பிள்ளையை ஒதுக்கித் தள்ளுகிறவர்கள், காலம் மாறும்போது தங்கள் குலம் பிழைக்க இருந்த வழியைத் தங்கள் கையாலேயே அடைத்துவிடுகிறார்கள்.